லினலூல் இருக்கிறது, சரி, எந்தக் கை?

லாவண்டர் எண்ணெய் வாங்குகிறவர்களுக்கு இப்போதெல்லாம் பாட்டிலோடு ஒரு தாளும் கிடைக்கிறது. ஜிசி-எம்எஸ் ரிப்போர்ட்: எண்ணெயில் உள்ள சேர்மங்களை ஆவியாக்கிப் பிரிக்கும் ஜிசி, பிரிந்ததை உடைத்து இன்னதென்று அடையாளம் காணும் எம்எஸ் என்ற இரண்டு கருவிகள் தந்த கணக்கு. லாவண்டர் வாசனையின் முக்கியப் பொருள்களான லினலூல் இத்தனை சதவீதம், லினலைல் அசிடேட் இத்தனை சதவீதம் என்று வரிசையாகப் போட்டு, கீழே கையெழுத்தும் முத்திரையும் இருக்கும். வாங்குகிறவர் அதைப் பார்த்து நிம்மதியாகிவிடுகிறார். அந்த எண்கள் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். ஆனால் அவருக்குத் தெரிய வேண்டியது, இது செடியிலிருந்து வந்த எண்ணெய்தானா என்பது. அதற்கு அந்தத் தாளில் பதில் கிடையாது. லினலூல் இருக்கிறது என்று மட்டும் அது சொல்கிறது.

லினலூலைத் தொழிற்சாலையிலும் செய்யலாம். டன் கணக்கில் செய்கிறார்கள். சோப்பு, ஷாம்பு, சலவைத்தூள் என்று எல்லாவற்றுக்கும் அது போகிறது. அதில் ஒரு தப்பும் இல்லை. அதையே கொஞ்சம் லாவண்டர் எண்ணெயில் ஊற்றி, 'நூறு சதவீதம் இயற்கை' என்று லேபிள் ஒட்டி, செடி வளர்த்துக் காய்ச்சி வடித்தவன் கேட்கும் விலைக்கு விற்பதுதான் தப்பு. நறுமண எண்ணெய்களைச் சோதிக்கும் வேலையில் இருக்கிற எனக்கு இது வெறும் வேதியியல் சமாச்சாரமாகத் தெரிவதில்லை. ஒழுங்காக வடித்தவனின் எண்ணெயைப் பார்த்து "உன் விலை ஜாஸ்தி" என்று சொல்ல வைப்பது இந்தக் கலப்படம்தான்.

லினலூல் மூலக்கூறில் ஒரு கார்பன் அணுவோடு நான்கு வெவ்வேறு தொகுதிகள் பிணைந்திருக்கின்றன. அந்த நான்கையும் இரண்டு விதமாக அடுக்க முடியும். இடது கையும் வலது கையும் போல, ஒன்று மற்றதன் கண்ணாடிப் பிம்பம். எப்படித் திருப்பினாலும் ஒன்றின் மேல் மற்றது சரியாகப் பொருந்தாது. இப்படிப்பட்ட மூலக்கூறுகளுக்குக் கைரல் என்று பெயர். இரண்டு வடிவங்களையும் ஆர் என்றும் எஸ் என்றும் குறிப்பது வழக்கம்.

செடி லினலூலைச் செய்வது நொதியைக் கொண்டு. நொதியே ஒரு கைப்பக்கம் கொண்டது என்பதால், அது செய்து தள்ளும் சரக்கும் அநேகமாக ஒரே பக்கம்தான் இருக்கும். நல்ல லாவண்டர் எண்ணெயில் உள்ள லினலூலில் 95 சதவீதத்துக்கு மேல் ஆர் வடிவம். அதே லினலூல் கொத்தமல்லி விதையிலும் நிறைய உண்டு. மல்லி வறுக்கும்போது வரும் வாசனையில் அதற்குப் பெரிய பங்கு இருக்கிறது. அங்கே மேலோங்கி நிற்பது எஸ் வடிவம். ஒரே சூத்திரம், ஒரே எடை, ஒரே கொதிநிலை. ஆனால் கை வேறு. மூக்குக்கே இந்த வித்தியாசம் தெரியும். கார்வோனை எடுத்துக்கொள்ளுங்கள்: அதன் ஆர் வடிவத்துக்கு ஸ்பியர்மின்ட் புதினா வாசனை, எஸ் வடிவத்துக்குச் சதகுப்பை வாசனை. 1971-இல் இதைத் தூய மாதிரிகளை வைத்தே காட்டிவிட்டார்கள்.

தொழிற்சாலையில் சாதாரணமாக லினலூல் செய்யும் வினைகளில் கைப்பக்கம் கொண்ட பொருள் எதுவும் இருக்காது. அதனால் இரண்டு வடிவமும் பாதிக்குப் பாதி வரும். இந்தச் சரிபாதிக் கலவையை ரேசிமிக் என்கிறோம். ஆக, கேள்வி இப்போது மிகவும் எளிதாகிவிடுகிறது. எவ்வளவு லினலூல் என்று கேட்க வேண்டாம். எந்தக் கை, என்ன விகிதம் என்று கேட்டால் போதும்.

சாதாரண ஜிசி கருவியால் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாது. அதில் உள்ள கேப்பிலரி குழாய் மூலக்கூறுகளைப் பிரிப்பது ஆவியாகும் தன்மையையும் குழாயின் உட்பூச்சோடு ஒட்டும் தன்மையையும் வைத்து. பூச்சுக்குக் கைப்பக்கம் இல்லையென்றால், ஆர், எஸ் இரண்டும் ஒரே நேரத்தில் ஒரே பீக்காக, அதாவது திரையில் எழும் ஒரே மேடாக, வெளியே வந்துவிடும். பின்னால் எம்எஸ் இருந்தாலும் பிரயோஜனம் இல்லை. இரண்டும் உடைந்து தருகிற துண்டுகள் ஒன்றேதான். பெரிய பெரிய கருவிகளின் பெயரைப் போட்ட ரிப்போர்ட்டுகள் இந்த இடத்தில் கண்ணை மூடிக்கொண்டிருப்பது இதனால்தான்.

வேண்டியது, கைப்பக்கம் கொண்ட ஒரு பூச்சு. 1966-இல் இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தில் எமானுவேல் கில்-ஆவும் அவர் குழுவும் அமினோ அமிலச் சேர்மங்களை முதன்முதலாக ஜிசியில் இப்படிப் பிரித்துக் காட்டினார்கள். நறுமண எண்ணெய்க்காரர்களுக்கு விடிந்தது அதற்குப் பிறகு, சைக்ளோடெக்ஸ்ட்ரின் வந்தபோது. 1983-இல் போலந்து ஆய்வாளர்கள் அதைக்கொண்டு, டர்பன்டைனில் உள்ள பைனீனின் இரண்டு கைகளையும் பிரித்தார்கள். எண்பதுகளின் கடைசியில் ஜெர்மனியில் ஷூரிக், கோனிக் ஆகியோரின் குழுக்கள் அதை நீளமான கேப்பிலரி குழாய்களுக்குள் கொண்டுவந்தன. பிராங்பர்ட்டில் மோசாண்டல் இதையே உணவு, வாசனைப் பொருள்களின் அசல்தன்மையைச் சோதிக்கும் முறையாக வளர்த்தெடுத்தார்.

சைக்ளோடெக்ஸ்ட்ரின் கிடைப்பது மாவுச்சத்திலிருந்து. பாக்டீரியா நொதி மாவுச்சத்தை வெட்டி வளையமாக முடிச்சுப் போட்டுவிடுகிறது: ஆறு குளுக்கோஸ் சேர்ந்தால் ஆல்ஃபா, ஏழு என்றால் பீட்டா, எட்டு என்றால் காமா. நடுவில் குழி, ஒரு வாய் அகலம், மறுவாய் குறுகல். அதில் உள்ள குளுக்கோஸ் எல்லாம் ஒரே கைப்பக்கம் என்பதால் வளையத்துக்கும் கைப்பக்கம் வந்துவிடுகிறது. ஆர்-லினலூலும் எஸ்-லினலூலும் அந்த வளையத்தோடு ஒரே அளவுக்கு ஒட்டுவதில்லை. வித்தியாசம் மிகச் சிறியது. ஆனால் முப்பது மீட்டர் குழாய்க்குள் ஆயிரக்கணக்கான முறை ஒட்டி விலகி ஒட்டி விலகிப் போகும்போது, அந்தச் சிறிய வித்தியாசம் சேர்ந்து சேர்ந்து இரண்டு தனித்தனிப் பீக்காக வந்து நிற்கிறது. செடி எந்தக் கையால் வேலை செய்தது என்று கண்டுபிடிக்க, இன்னொரு செடி செய்த மாவுச்சத்தின் கைப்பக்கமே உதவுகிறது என்பதில் எனக்கு இன்றும் சந்தோஷம் குறையவில்லை.

வேலை என்று பார்த்தால் பொறுமைதான் முக்கியம். குழாயின் உள்விட்டம் கால் மில்லிமீட்டர். எண்ணெயை நன்றாக நீர்க்கச் செய்து மிகக் கொஞ்சமாகச் செலுத்த வேண்டும். அதிகமானால் பீக் பருத்து, பக்கத்துப் பீக்கின் மேல் சாய்ந்துவிடும். சூட்டை அவசரமாக ஏற்றக் கூடாது. வெப்பநிலை குறைவாக இருக்கும்போதுதான் வளையம் இரண்டு கைகளையும் நன்றாகப் பிரித்துப் பார்க்கிறது. நிமிடத்துக்கு இரண்டு டிகிரி செல்சியஸ் என்று ஏற்றுவது சாதாரணம். அதனால் ஒரு ரன் முடிய ஒரு மணி நேரம் ஆகிவிடும். 'சீக்கிரம் ரிசல்ட்' கேட்கிற இடத்தில் இந்தச் சோதனைக்கு மரியாதை கிடைக்காமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

எண்ணெயை ஓட்டுவதற்கு முன்னால் ரேசிமிக் லினலூலை ஓட்டிப் பார்க்க வேண்டும். இரண்டு பீக்கும் சம பரப்போடு, அடி வரை பிரிந்து வருகிறதா? வந்தால்தான் குழாய் நல்ல நிலையில் இருக்கிறது என்று அர்த்தம். எது ஆர், எது எஸ் என்பதைத் தூய ஒற்றைக்கை மாதிரியை ஓட்டி உறுதிப்படுத்த வேண்டும். குழாய் மாறினால் வரிசையும் மாறலாம். இதைச் செய்யாமல் விகிதம் எழுதிக் கொடுத்தால் அதை நான் நம்பமாட்டேன்.

வீட்டிலேயே சோப்பு செய்து விற்கும் ஒரு அக்கா ஒருமுறை சின்னப் பாட்டிலோடு வந்தார். எண்ணெயோடு ரிப்போர்ட்டும் கொண்டுவந்திருந்தார்.

"தம்பி, எண்ணெல்லாம் கரெக்டா இருக்கு. ஆனா சோப்புல போட்டா வாசனை நிக்கவே மாட்டேங்குது. என்னன்னு பாத்துச் சொல்லுங்க" என்றார்.

வாசனை நிற்காததற்கு ஆயிரம் காரணம் இருக்கலாம், சோப்பின் காரமே பல வாசனைகளைக் கெடுத்துவிடும் என்று அவரிடம் முதலிலேயே சொன்னேன். பிறகு அவர் பாட்டிலில் இருந்ததைச் சைக்ளோடெக்ஸ்ட்ரின் பூசிய கைரல் குழாயில் ஓட்டினேன். அவரும் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். திரையில் கோடு தட்டையாகப் போய்க்கொண்டிருந்தது, நடுவில் சின்னச் சின்ன மேடுகள். லினலூல் வர வேண்டிய நேரத்தில் முதல் பீக் உயரமாக எழுந்து இறங்கியது. நல்ல லாவண்டராக இருந்தால் அதன் பக்கத்தில் ஒரு சின்ன முளை தெரிந்து அடங்கிவிடும். இங்கே இரண்டாவது பீக் எழுந்து, முதலாவதின் மூன்றில் ஒரு பங்கு உயரம் வரை போனது. லினலைல் அசிடேட்டிலும் அதே கதை. அது இன்னும் மோசம். செடி அசிடேட்டில் எஸ் வடிவம் இருந்தால் தேடித்தான் பார்க்க வேண்டும், இங்கே தேடவே வேண்டியிருக்கவில்லை.

"அப்போ இது லாவண்டரே இல்லையா?" என்று கேட்டார்.

"லாவண்டர் இருக்குக்கா. கூடவே ஃபேக்டரி லினலூலும் இருக்கு."

கொஞ்ச நேரம் அந்த இரண்டு பீக்கையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். விற்றவர் கொடுத்த தாளிலும் பொய் இல்லை என்பதுதான் அவரை அதிகம் வருத்தியது.

இந்தச் சோதனைக்கு ஒரு சட்டப்பூர்வ அளவுகோலும் உண்டு. ஐரோப்பிய மருந்துத் தரநூல் லாவண்டர் எண்ணெய்க்குக் கைரல் தூய்மை என்றே ஒரு சோதனை வைத்திருக்கிறது: லினலூலில் எஸ் வடிவம் 12 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, லினலைல் அசிடேட்டில் 1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. இரண்டு எண்ணுக்கும் நடுவில் ஏன் இவ்வளவு தூரம் என்று பலர் கேட்கிறார்கள். லினலூல் கொஞ்சம் இளகிய மூலக்கூறு. அமிலத்தன்மையுள்ள சுடுநீரில் அதிக நேரம் கிடந்தால், அந்தக் கார்பனைச் சுற்றி உள்ள பிணைப்பு கழன்று, திரும்ப ஒட்டும்போது எதிர்க் கையாகவும் ஒட்டிவிடும். காய்ச்சி வடிக்கும் அண்டாவில் நடப்பதும் அதுதான். பூவை அதிக நேரம் வேகவைத்தாலோ, அறுத்த பூவைக் குவித்துப் போட்டுத் தாமதமாக வடித்தாலோ, கலப்படம் ஒரு துளிகூட இல்லாமலே எஸ் கூடும். அசிடேட் அப்படித் தன் கையை மாற்றிக்கொள்வது அரிது. உடைந்தால் லினலூலாகப் போய்விடும்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் இதன் விளைவு புரியும். செடி லினலூலில் எஸ் 3 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். மொத்த லினலூலில் பத்தில் ஒரு பங்கு ரேசிமிக் சரக்கைக் கலந்தால் எஸ் 7.7 சதவீதத்துக்குப் போகும். பாஸ்! ஐந்தில் ஒரு பங்கு கலக்கும்போதுதான் 12-ஐத் தாண்டும். அசிடேட்டில் கதை வேறு. செடி அசிடேட்டில் எஸ் 0.3 சதவீதம் என்றால், நூற்றில் இரண்டு பங்கு ரேசிமிக் கலந்தாலே 1 சதவீத எல்லை தாண்டிவிடும். ஆகவே ரிப்போர்ட்டில் லினலூல் விகிதம் மட்டும் போட்டிருந்தால் அது பாதிச் சோதனைதான். என்னைக் கேட்டால் அசிடேட்டைத்தான் முதலில் பார்ப்பேன்.

லினலூலுக்கு 12 வரை விட்டிருக்கும் இந்தத் தளர்வை நான் குறை சொல்ல மாட்டேன். ஜம்முவின் தோடா மாவட்டத்தில், பதர்வா பக்கம், மத்திய அரசின் அறிவியல் ஆய்வு அமைப்பான சிஎஸ்ஐஆரின் அரோமா மிஷன் திட்டம் வழியாகச் சிறு விவசாயிகள் மக்காச்சோளத்தை விட்டு லாவண்டருக்கு மாறியிருக்கிறார்கள். மலைமேல் ஒரு வடிகலனைப் பலர் பங்கிட்டுக்கொள்ளும் இடத்தில், அறுத்த பூ தன் முறைக்காகக் காத்திருப்பது சகஜம். அவர்கள் எண்ணெயில் எஸ் கொஞ்சம் கூடியிருந்தால் அதற்காகத் திருட்டுப் பட்டம் கட்டுவது அநியாயம். அசிடேட் சுத்தமாக இருந்து லினலூலில் மட்டும் எஸ் கூடியிருந்தால், முதலில் வடித்த விதத்தைக் கேட்க வேண்டும். தொழிற்சாலைச் சரக்கு என்றால் வேறு தடயமும் பெரும்பாலும் இருக்கும்: டைஹைட்ரோலினலூல், டீஹைட்ரோலினலூல் என்று தயாரிப்பு வழியில் மிஞ்சிய சிறு சேர்மங்கள். அவை செடியில் வருவதில்லை. விகிதமும் தடயமும் ஒரே திசையைக் காட்டினால்தான் கலப்படம் என்று நான் எழுதுவேன்.

இந்தச் சோதனைக்குத் தெரியாதவையும் நிறைய. லாவண்டினைக் கலந்தால் கைரல் குழாய் ஒன்றும் சொல்லாது. அது லாவண்டரின் கலப்பினம், மலிவு, அதிலும் லினலூல் ஆர் கைதான். அங்கே கற்பூரத்தின் அளவைப் பார்க்க வேண்டும். நல்ல லாவண்டரில் அது மிகக் கொஞ்சம், லாவண்டினில் பல மடங்கு. கற்பூர மரத்தின் ஒரு வகையிலிருந்து வடிக்கும் ஹோ எண்ணெயிலும் லினலூல் ஏராளம், அதுவும் ஆர் வடிவம். விஷயம் தெரிந்த கலப்படக்காரன் ரேசிமிக் பக்கமே போகமாட்டான். ஊட்டித் தைலத்துக்கு இந்தச் சோதனை வைக்க முடியுமா என்றும் கேட்கிறார்கள். யூகலிப்டஸ் தைலத்தின் முக்கியப் பொருளான சினியோலுக்கு இடது வலது கிடையாது. இரு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும் மூலக்கூறு அது.

மென்தாலில் கதை இன்னும் சிக்கல். உத்தரப் பிரதேசத்தின் பாராபங்கி வட்டாரம் மென்தால் புதினாவுக்குப் பேர்போனது. புதினா தருவது ஒற்றைக்கை மென்தால். ஆனால் அதே ஒற்றைக்கை மென்தாலை ஜப்பானின் தகசாகோ நிறுவனம் எண்பதுகளிலிருந்தே தொழிற்சாலையில் செய்கிறது, செயற்கை என்று வெளிப்படையாகச் சொல்லியே விற்கிறது. அதற்கான ரோடியம் வினையூக்கியில் பங்குள்ள ஜப்பானிய வேதியியலாளர் நொயோரிக்கு, ஒற்றைக்கையாக ஹைட்ரஜன் சேர்க்கும் வினையூக்கிகளுக்காக 2001-இல் நோபல் பரிசும் கிடைத்தது. அதைப் புதினா மென்தாலில் யாராவது கலந்தால் கைரல் குழாயில் ஒரே பீக்தான் வரும். சரி, கார்பன்-14 பார்க்கலாமே என்பீர்கள். பெட்ரோலியத்தில் கார்பன்-14 இருக்காது, செடியில் இருக்கும். தைமால் வழியாகப் பெட்ரோலியத்திலிருந்து செய்த மென்தால் அதில் மாட்டிக்கொள்ளும். ஜப்பான் முறை தொடங்குவதோ மிர்சீனில். அது பைன் மரத்து டர்பன்டைனிலிருந்து வருவது என்றால் கார்பன்-14 உள்ள சரக்குதான். அதனால் அங்கே கார்பன், ஹைட்ரஜன் ஐசோடோப்பு விகிதங்கள் (ஒரே தனிமத்தின் வெவ்வேறு எடை கொண்ட அணுக்களின் விகிதங்கள்) வரை போக வேண்டியிருக்கிறது.

எதிர்ப்பக்கமாக, ஒற்றைக்கையாக இல்லாததே அடையாளமாக இருப்பதும் உண்டு. ஆஸ்திரேலியாவின் டீ ட்ரீ எண்ணெயில் அதன் முக்கியப் பொருளான டெர்பினென்-4-ஆல் இரண்டு கையிலும் இருக்கிறது: வலஞ்சுழி வடிவம் (முனைவுற்ற ஒளியை வலப்பக்கம் திருப்புவது) மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்று மேல், மீதி இடஞ்சுழி. இந்த விகிதம் அதிகம் அசைவதில்லை. வேறு எண்ணெய்களின் கழிவிலிருந்து பிரித்த டெர்பினென்-4-ஆலை ஊற்றினால் விகிதம் நகர்ந்துவிடும். 2017-இல் வந்த, டீ ட்ரீ எண்ணெய்க்கான ஐஎஸ்ஓ 4730 என்னும் சர்வதேசத் தரத்தில் இந்த விகிதத்தையும் சேர்த்துவிட்டார்கள். எனக்குப் பிடித்த தரங்களில் இது ஒன்று. 'ஒற்றைக்கை என்றால் அசல், கலந்திருந்தால் போலி' என்ற மேலோட்டமான விதியை இது உடைத்துவிடுகிறது. அந்தந்தச் செடிக்கு உரிய விகிதம் என்ன என்பதுதான் கேள்வி. அந்த விகிதத்தை நம்பகமான மாதிரிகளிலிருந்து முன்கூட்டியே அளந்து வைத்திருக்க வேண்டும்.

நம் ஊரில் இப்படி அளக்க வேண்டிய பொருள் ஒன்று தினமும் எரிகிறது. கற்பூரம். மரத்திலிருந்து வரும் கற்பூரம் ஒற்றைக்கை, வலஞ்சுழி. டர்பன்டைனிலிருந்து செய்யும் கற்பூரம் பெரும்பாலும் ரேசிமிக். ஆரத்தித் தட்டில் எரிவது டர்பன்டைன் வழி வந்தது என்பதில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை; அதற்காக மரத்தை வெட்ட வேண்டியதில்லை. சுமத்ராவின் பாருஸுக்குத் தமிழ் வணிகர்கள் போனதற்கு லோபு துவாவில் கிடைத்த 1088-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு சான்று. ஐந்நூற்றுவர் என்னும் வணிகர் குழுவின் பெயர் அதில் இருக்கிறது. பாருஸ் பேர்பெற்றது கற்பூரத்துக்கு. அந்த ஊர்க் கற்பூர மரத்தில் விளைவது வேதியியல்படி போர்னியோல், அதுவும் வலஞ்சுழி ஒற்றைக்கை. செயற்கைப் போர்னியோல் என்றால் இரு கையும் வரும், கூடவே ஐசோபோர்னியோலும் வந்து காட்டிக்கொடுத்துவிடும். பச்சைக் கற்பூரம் என்று பெரிய விலை சொல்லி விற்கிறவர்களிடம், இது மரத்திலிருந்து வந்தது என்றால் கைரல் ரிப்போர்ட் எங்கே என்று கேட்க வேண்டும். ஒரு மணி நேர வேலை அது.

ரிப்போர்ட் கையில் வந்தால் நான் பார்ப்பவற்றைச் சொல்லிவிடுகிறேன். எந்தக் குழாய், எந்தச் சைக்ளோடெக்ஸ்ட்ரின் என்று எழுதியிருக்க வேண்டும். ரேசிமிக் மாதிரியின் படமும் எண்ணெயின் படமும் ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்க வேண்டும். லாவண்டர் என்றால் லினலூல், லினலைல் அசிடேட் இரண்டின் விகிதமும் வேண்டும். எஸ் பீக்கின் அடியில் வேறு சேர்மம் ஒளிந்திருக்கவில்லை என்பதை எம்எஸ்ஸில் பார்த்தார்களா என்றும் கேட்பேன்; லாவண்டர் எண்ணெயில் நூற்றுக்கணக்கான சேர்மங்கள் இருக்கின்றன, அதில் ஒன்று அங்கே வந்து உட்கார்ந்தால் நல்ல எண்ணெய்க்கே கெட்ட பெயர் வந்துவிடும். அப்புறம் பேட்ச் எண். ரிப்போர்ட்டில் உள்ள பேட்ச் எண்ணும் பாட்டிலில் உள்ள பேட்ச் எண்ணும் ஒன்றாக இல்லையென்றால் மற்ற பக்கங்களைப் புரட்ட வேண்டியதே இல்லை.